எக்ஸ் கதிர் தெரியும் இடம்

எட்டாம் வகுப்புச் சுவரில் நீ ஒட்டிய இரண்டு படங்களும் ஈரத்தில் கழன்று தொங்குகின்றன. மண்சரிவுக்குப் பிறகு இங்கே தங்கியிருக்கும் குடும்பங்கள் நாளை தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குத் திரும்பவேண்டுமாம். வகுப்பைக் காலிசெய்யும் வேலை என் தலையில். படங்களைச் சரிசெய்ய வந்தவள், உன்னோடு பேச உட்கார்ந்துவிட்டேன்.

லீவில் வந்தபோது என் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒட்டினாய். எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே, கருந்துளையிலிருந்து பீறிடும் தாரை. ஒரு படம் ரேடியோ அலையில், மற்றது எக்ஸ் கதிரில். அதைப் படிக்கத்தான் பல்கலைக்கழகத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாய். றொசல்லத் தோட்டத்துக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கிண்டல் செய்தேன். நீ விடவில்லை. ரேடியோவில் ஒளிரும் துகள்கள் ஆற நெடுங்காலமாகும், தாரை அடங்கிய பின்னும் தெரியும். எக்ஸ் கதிர் வீசுபவை அப்படியல்ல, சீக்கிரமே ஓய்ந்துவிடும். "அது தெரியிற எடத்துல ஏதோ புதுசா நடக்குதுன்னு அர்த்தம்டி," என்றாய்.

தீபாவளிக்கு உன் அம்மா லயத்தில் உங்கள் வீடான ஒற்றைக் காம்பராவின் சுவர் வெடிப்பைச் சாந்து வைத்து மூடி வெள்ளையடித்தார். லயத்தில் எல்லோரும் வருஷா வருஷம் செய்வதுதான். இந்த முறை மூடவேண்டாம், வளர்கிறதா பார்க்கணும் என்று நீ கெஞ்சிப் பார்த்தாய். நல்ல நாளில் வெடித்த சுவரோடு யார் இருப்பார்கள்?

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, நாம் குடம் பிடிக்கும் பீலியில் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாகக் கொட்டியது. ஆறு கலங்கும், மலைக்குள்ளிருந்து வரும் அந்த ஊற்று எந்த மழையிலும் கலங்கியதில்லை. குடத்தைப் போட்டுவிட்டு லயம் முழுக்கக் கதவைத் தட்டினாய்.

"வெடிப்பு பழசுன்னுதானே சொல்றீங்க. இந்தத் தண்ணி இன்னைக்கு வந்தது. வாங்க, போயிருவோம்."

வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பியவர்கள்கூட உன் முகத்தைப் பார்த்துப் பள்ளிக்கு ஏறி வந்தார்கள். உன் அம்மா மாடு, மாடு என்று தவித்தார். அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று நீ இறங்கினாய். மலை சரிந்தபோது இங்கே சன்னல்கள் ஆடின.

மாட்டுக்காகவா போனாய், பாவி. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

சற்றுமுன் உன் அம்மா மூட்டையோடு வந்து நின்றார். "பக்கத்து லயத்துல காம்பரா குடுத்திருக்காங்க. அங்க இப்ப ஒன்னும் நடக்கலதானே புள்ள?"

உனக்கென்றால் தெரிந்திருக்கும். புதிதாக ஏதாவது நடக்கிறதா என்ற அந்தக் கேள்வியை மட்டும்தான் உன்னிடமிருந்து நான் கற்றேன். வெளியே மறுபடியும் இருட்டிக்கொண்டு வருகிறது. வகுப்புச் சாவியைப் பள்ளி அதிபர் ஆளனுப்பிக் கேட்டுவிட்டார். நான் இன்னும் கொடுக்கவில்லை.