தாய்க்கு இட்ட தீ

12-2-1974, செவ்வாய். சனத்நகர்.

பிறை சூடிய பெருமானே, காத்தருள்க.

அந்தமானில் நண்பரின் பாய்மரப் படகேறித் தீவு தீவாகச் சுற்றிய தம்பி, அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாளான இன்றுதான் வந்து சேர்ந்தான். வாசலிலேயே சீறினான்.

"அம்மாவுக்குக் கொள்ளி வைக்கறது கடைசிப் புள்ளை நான்தானேண்ணா? ஏன் தந்தி குடுக்கல?"

"கடல்ல மிதக்கற படகுக்கு ஏதுடா விலாசம்?"

"நக்கோண்ணா, வேணாம், பொய் சொல்லாதே. குடிதண்ணி ரொப்ப நாலு நாளைக்கு ஒருதரம் கரையேறுவோம். அந்தத் தபாலாபீஸ் விலாசத்தை எழுதிக் குடுத்தேனே!"

தொலைந்துவிட்டது என்றேன்.

அது என் பூசைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவுக்கு என்றும் அவனே உயிர். தீயிடும் உரிமையேனும் எனக்காகட்டும் என்று எண்ணினேன். இப்போதும் அவ்வாறே எண்ணுகிறேன்.

இவ்வில்லத்தார் நீடு வாழ்க. என்றேனும் இதைப் படிப்பவன் அவனேயாயினும், அவனும் வாழ்க.