ஐந்தாவது குரல்

திங்கள், 07:10
நிலவின் மறுபக்கம், வானொலித் தொலைநோக்கி நிலையம். பணியில் சுகிர்தா, ஒருத்தி மட்டும். ஆன்டெனா சரி. அறை அழுத்தம் சரி. தரவு இணைப்பு இன்னும் செத்தே கிடக்கிறது. பூமியோடு குரல் இணைப்பு மட்டும்தான்.

சொந்த வேலை: சனிக்கிழமை எங்கள் ஊர் நாசரேத்தில் தங்கை பிரிசில்லாவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு வழக்கப்படி, கூடப் பிறந்தவர்கள் நாலு குரலில் வாழ்த்துப் பாட வேண்டும். அப்பா கோயில் பாடகர் குழுத் தலைவர், நாலு குரலையும் எழுதியே கொடுத்துவிட்டார், விடவே மாட்டார். இங்கே கூடப் பாட யார் இருக்கிறார்கள்? பெட்டியில் கொண்டுவந்த நாலு டிராக் ரெக்கார்டரில் நாலையும் நானே பாடுகிறேன். ஆண் குரல்களுக்கு என் குரலையே எஃபெக்ட் போட்டுத் தாழ்த்திக்கொள்வேன்.

திங்கள், 16:40
எரிச்சல் தாங்கவில்லை. நாலு டிராக்கிலும் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். பாடும்போது பதுங்கிக்கொள்கிறது, நான் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் தலை நீட்டுகிறது. மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன். பாழாய்ப்போன ரெக்கார்டர்.

செவ்வாய், 15:20
மிக்ஸிங் என்று உட்கார்ந்தால் உயிரை வாங்குகிறது. கோயிலில் பாடுவதுபோல் எதிரொலிக்க ரிவெர்ப் போட்டால் குரலைவிட இரைச்சல்தான் கோயில் முழுக்க நிறைகிறது. உச்ச ஸ்தாயி ஒலியை வெட்டினால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது. கடைசியில், பாடாத இடங்களை அடியோடு ஊமையாக்கும் எஃபெக்டைப் போட்டுவிட்டேன். தொலைந்தது சனியன்.

புதன், 11:05
சுருதி சேர்க்கக் கீபோர்டை ஒயர் வழியே நேராக ரெக்கார்டரில் செருகிப் பதிந்தேன். துளி இரைச்சல் இல்லை.

திரும்பக் கேட்டேன். இல்லவே இல்லை. அப்படியானால் ரெக்கார்டர் மேல் குற்றமில்லை; இரைச்சல் மைக் வழியாகத்தான் வருகிறது. இந்த அறையில் இருக்கிறது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கைச் சுவரோரமாக நகர்த்தினேன். காற்றுத் தொட்டியின் பலகையருகே போனதும் காதைக் கிழித்தது. சுவரில் காற்றுக் கசிவு. நேற்று முழுக்க நான் வெட்டி வெட்டி எறிந்தது அதைத்தான்.

புதன், 12:30
பலகையைத் திறந்தால் அடைத்துவிடலாம். ஆனால் பூட்டு பூமியிலுள்ள கட்டுப்பாட்டு அறையின் கையில். அங்கே மாசிலாமணி சாரிடம் சொன்னேன்.

“அழுத்தம் நார்மல்னு காட்டுதே, சுகிர்தா.”

காட்டாமல் என்ன செய்யும்? அறையில் காற்று குறையக் குறையத் தொட்டி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் முள்ளும் அதே பலகைக்குப் பின்னால். வெளியே போகும் உடையின் சிலிண்டரும் அதே தொட்டியை நம்பித்தான்.

இரைச்சலைப் போட்டுக் காட்டினேன்.

“ஒண்ணுமே கேக்கலையேம்மா. லைன் சுத்தமா இருக்கு.”

சுத்தமாகத்தான் இருக்கும். அவர்கள் இணைப்பு குரலை மட்டும் விட்டு, இரைச்சலைத் துடைத்துவிடுகிறது. அதை நிறுத்தச் சொன்னேன், முடியாதாம். “ஆதாரமில்லாம பூட்டைத் திறக்க மேல ஒத்துக்க மாட்டாங்க. தனியா இருந்து களைச்சுப் போயிட்டீங்க, கொஞ்சம் தூங்குங்க.”

ஹெட்போனைச் சுவரில் விட்டெறிந்தேன். நல்லவேளை, உடையவில்லை.

வெள்ளி, 09:50
இரண்டு நாளாகக் கெஞ்சிப் பார்த்தாயிற்று. பயமாக இருக்கிறது.

ஒரு யோசனை. குரல் என்றால்தானே விடுவார்கள்? எந்தச் சத்தத்தையும் சுருதியில் ‘ஆ’ என்று பாடவைக்கும் எஃபெக்ட் என்னிடம் இருக்கிறது. பாப் பாட்டுக்காரர்கள் போடும் விளையாட்டு. பாடிய நாலு டிராக்கையும் ஒரே டிராக்காகக் கலந்தேன். காலியான டிராக்கில் பலகையோரம் மைக்கை வைத்துக் கசிவைப் பதிந்து, அந்த எஃபெக்டில் விட்டேன்.

பாடுகிறது. அப்பா எழுதாத ஸ்வரத்தில், மூச்சே வாங்காமல்.

சனி, 10:15
கல்யாண வீட்டுக்கென்று பாட்டை அனுப்பினேன். தலை வலிக்கிறது. இரண்டு வரி எழுதினால் இளைக்கிறது.

சனி, 13:40
மாசிலாமணி சார் அழைத்தார்.

“பாட்டு போய்ச் சேர்ந்துது. ஆனா உங்க அப்பா போன் போட்டுச் சத்தம் போடுறார். ‘நாலு குரலுக்குத்தானே எழுதிக் குடுத்தேன், அஞ்சாவதா ஒருத்தி மூச்சு விடாம பாடுதாளே, எவ அவ?’ன்னு கேக்குறார். நாங்களும் போட்டுக் கேட்டோம். அங்க நீங்க மட்டும்தானே இருக்கீங்க, சுகிர்தா?”

“அது ஆளில்லை சார். காத்து.”

அவர் யாரையோ கத்திக் கூப்பிட்டார். “இருங்க. உத்தரவு வாங்கிட்டு இப்பவே திறக்கறோம்.”

அப்பாவின் காதுக்குக் கும்பிடு.

சனி, 14:25
பூட்டின் விளக்கு இன்னும் சிவப்பு. பசையும் தகடும் கையில் ரெடி. மைக் பலகையோரம்தான். ஹெட்போனில் ஐந்தாவது குரல் மட்டும்.

சனி, 14
சிவப்பு. நேரம் சரியாகத் தெரியவில்லை.
ஐந்தாவது குரல் தணிந்துகொண்டே போகிறது.
வால்யூமில் நான் கை வைக்கவில்லை