நீ அழித்த முத்திரை

இன்று காலைப் பத்திரிகையில் உன் மரண அறிவித்தல். படத்தின் கீழே, 'மலையக மக்களின் உயிர்காத்த பொறியியலாளர்'. படித்ததும் வாயில் கசந்தது. இறந்தவர்களைப் பற்றி நல்லதே பேச வேண்டுமாம். என்னால் முடியாது.

நாம் கம்பஸில் ஒன்றாகப் படித்தவர்கள். வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி வைத்தோம். மேட்டிலுள்ள பெட்டி மழையை அளந்து ரேடியோவில் செய்தி அனுப்பும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே இன்னொரு பெட்டியில் சைரன் அலறும். பொய்ச் செய்தி வந்தால் என்ன செய்வது என்று நான்தான் கேட்டேன். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு முத்திரை போகும்படி எழுதினேன். இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் தெரிந்த இரகசிய எண்ணால் கணக்கிட்ட முத்திரை. பழைய செய்தியைப் பிடித்துத் திரும்ப அனுப்பினாலும் சைரன் ஏற்காது. அந்தச் சின்னச் சிப்பில் அதை அடக்க மூன்று மாதம் சுருக்கிச் சுருக்கி எழுதினேன்.

திறப்பு விழாவன்று காலையில்தான் சொன்னாய், அதை அழித்துவிட்டதாக. சிப்பில் அந்த இடத்தைப் பிடித்து, பெட்டித் திரையில் மூன்று மொழியில் வரவேற்பு வாசகமும் உன் பெயரும் ஓடின.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உந்தச் சிப்பில ரெண்டுக்கும் இடமில்லை. இந்த மலைக்குள்ள ஆர் வந்து எங்கட ரேடியோவோட விளையாடப் போகினம்?"

சிரித்தாய். விழாவில் நானும் கைதட்டினேன்.

எவனோ விளையாடினான். நல்ல வெயில் நேரம், சைரன் அலறியது. கொழுந்து பறித்த பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு, குழந்தைகளை விட்டிருந்த பிள்ளை மடுவத்துக்கு ஓடினார்கள். அவர்களில் ஒருத்தி, பாக்கியம் அக்கா, யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு கற்படியில் விழுந்தாள். பிள்ளைக்குக் கீறலும் இல்லை. அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு அவள் மலையேறவே இல்லை. சைரன் இன்னும் இருமுறை பொய்யாய் அலறியதும் சனங்கள் வயரை அறுத்துப்போட்டார்கள்.

விசாரணையில் தோட்டத் துரைக்கு முன்னால் என்னைக் காட்டினாய். "முத்திரை எழுதினது இவதான். அதிலதான் பிழை." கண்கூட இமைக்கவில்லை நீ. திட்டத்துக்குத் தலைவன் நீ; என் வேலை உன் கையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உன்னை மன்னிக்க மாட்டேன். நீ செத்ததால் அது மாறாது. ஆனால் விசாரணைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நான் உண்மையை முழுக்கச் சொன்னபோது பாக்கியம் அக்கா உன்னைத் திட்டவில்லை. அவள் கேட்டது என்னைத்தான்.

"நீ நம்ம லயத்துல பொறந்து படிச்ச புள்ளதானே. அந்தாளு பொய் சொல்றப்ப வாயத் தொறந்திருக்கலாமே?"

"பயமா இருந்துச்சுக்கா" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.