பூட்டி வைத்த பட்டை

ஜூன் 4

தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதியே பழகிய கை. இன்று அது எழுத மறுக்கிறது.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டுவர உன் வீட்டுக்காரரை அனுப்பியிருந்தாய். பாவம், அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு முறை வராது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

கர்ப்பப்பைக் கட்டியை எடுக்கப் போன வாரம் உன் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தங்கை தலைமை நர்ஸாக இருக்கும் வார்டு, நமக்கென்ன கவலை என்று நம்பித்தான் வந்தேன். உட்காரச் சொன்ன நாற்காலியின் இரண்டு கைப்பிடியும் இடுப்பைக் கவ்விக்கொண்டன. கொடுத்த கவுன் முதுகில் மூடவில்லை. ஒரு போர்வையைப் போர்த்தி வராந்தா வழியாக நடக்க விட்டார்கள். பிரஷர் பார்க்கிற பட்டை கையைச் சுற்றி எட்டவில்லை. இழுத்துக் கட்டினார்கள், காற்று ஏறியதும் பட்டென்று பிரிந்தது. மறுபடி கட்டினார்கள். உன் நர்ஸ் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "மன்னிச்சுக்கோம்மா, என் கை கொஞ்சம் பெருசு" என்றேன். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியருக்கே பதிலுக்குப் பதில் கொடுக்கிற கணக்கு டீச்சர், என் சொந்தக் கைக்காக மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் பிரஷர் எக்கச்சக்கம் என்றார்கள். ஆபரேஷன் தள்ளிப்போனது, பிரஷருக்குக் கைநிறைய மாத்திரை கொடுத்தார்கள். அப்போதுதான் நீ வந்தாய். என் கால்மாட்டில் நின்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வாயைக் கட்டினா எல்லாம் தானா அடங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் உன் அக்கா என்று நீ ஒருத்தியிடமும் சொல்லவில்லை.

உதிரப்போக்கு நிற்கவில்லை. மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா
(சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்த வார்த்தையை இங்கேயும் அடித்துவிடு.)


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். அப்படியும் எரிச்சல் அடங்கவில்லை.

வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நோயாளிகள். வேலைக்கு இருப்பது இரண்டே பெண்கள். உன்னைத் திருப்பிப் படுக்க வைத்த ஆயாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இன்னும் வேலைக்கு வரவில்லை. அது யார் தப்பு? நாற்காலியை நானா செய்தேன், கவுனை நானா தைத்தேன்? இருப்பதை வைத்துத்தானே ஓட்ட முடியும்.

நான் சொன்னதில் என்ன பொய்? அம்மா இருந்திருந்தால் இதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பாள். அக்கா என்று சொல்லியிருந்தால், சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று மறுநாளே பேச்சு கிளம்பும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது போல நானும் வருஷக்கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். நீ மட்டும் தேயவே மாட்டேன் என்கிறாய்.

மாத்திரையை ஒருவேளைகூட விடாதே. உப்பைக் குறை.

உன் நல்லதுக்குச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கும்
தங்கை


ஜூன் 20

தங்கைக்கு,

நீ சொன்னபடி ஒருவேளைகூட விடவில்லை. பலன் கிடைத்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூட மாடிப்படியில் தலை சுற்றி உருண்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் தையல்.

கூட வேலை பார்க்கிற டீச்சர்கள் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உன்னுடையது இல்லை. அங்கே ஒரு நர்ஸ் என் கையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அகலமான பட்டை ஒன்றை எடுத்து வந்தாள். "எந்தக் கையில பார்த்தா உங்களுக்கு வசதி?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடிபட்ட வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிரஷர் தரைமட்டத்தில் இருந்தது. இவ்வளவு மாத்திரை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். பெரிய கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும் என்றார். ஆக, எனக்கு இல்லாத வியாதிக்கு நீங்கள் வைத்தியம் பார்த்தீர்கள், இருக்கிற கட்டியை அப்படியே விட்டுவிட்டீர்கள். படியில் என் மண்டை உடைந்திருந்தால், தின்றே செத்தாள் என்று ஊர் சொல்லியிருக்கும். நீயும் தலையாட்டியிருப்பாய்.

கட்டியை இங்கேயே எடுக்கப்போகிறார்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் அகலப் பட்டை ஒன்றுகூடவா இல்லை?

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

இருக்கிறது. என் அலமாரியில்.

கோபப்படாமல் படி. எழுதி எழுதி வாங்கினோம். பக்கத்து வார்டுக்காரர்கள் இரவல் கேட்டு வாங்கிப் போனால் திரும்பி வராது. முதலில் வந்தது அப்படித்தான் தொலைந்தது, பதில் சொன்னது நான். அதனால் அடுத்ததைப் பூட்டி வைத்துவிட்டேன். சாவி எப்போதும் என் இடுப்பில்தான். அன்று நான் மீட்டிங்கில் இருந்தேன். ஏண்டி வந்து கேட்கவில்லை என்று பெண்களை நிறுத்தி விசாரித்தேன். "கேட்டா திட்டுவீங்க சிஸ்டர்" என்கிறார்கள். பொருளைப் பத்திரமாக வைத்தது ஒரு குற்றமா?

ஆபரேஷனுக்குக் கூட இருக்க லீவு போட்டுவிட்டேன். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தங்கை


ஜூன் 28

தங்கைக்கு,

வராதே.

புதுக் கலர் பென்சில் டப்பாவைப் பூட்டி வைத்துக்கொண்டு, துண்டுப் பென்சிலால் படம் வரைந்தவள்தானே நீ. பென்சிலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

இங்கே நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை. கவுன் முதுகுவரை மூடுகிறது. தூக்கி உட்கார வைக்க ஒரு இயந்திரம் இருக்கிறது, யார் இடுப்பும் பிடித்துக்கொள்வதில்லை. உன் ஆயாவின் இடுப்புக்கும் சேர்த்து என்மேல் பழி போட்டாயே, அவளுக்கும் இப்படி ஒன்று கேட்டு வாங்கியிருக்கலாம்.

கூட இருக்கப்போவது யார் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டம்மா என்று சொல்லிவிட்டேன். கத்திக்கும் ஊசிக்கும் எனக்குப் பயமில்லை. மயக்கம் தெளியும்போது உன் குரல் காதில் விழுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 7

அக்கா,

பக்கத்து வீட்டம்மாவிடம் போனில் கேட்டேன். ஆபரேஷன் முடிந்தது என்றார். அதற்கு மேல் என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லியிருக்கிறாயாம். என்மேல் உனக்கு இவ்வளவு வெறுப்பு என்றால் எனக்கும் ரோஷம் உண்டு என்று இருந்துவிட்டேன். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி கேட்வரை வந்து திரும்பினேன் என்பதைச் சொல்லவும் இஷ்டமில்லை. சொல்லிவிட்டேன்.

பட்டை இப்போது வார்டு மேசைக்கு மேலே கொக்கியில் தொங்குகிறது. தொலைந்தால் தொலையட்டும்.

இன்று காலை ஒரு அம்மா வந்தார். நாற்காலியைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றார். கட்டிலில் உட்கார வைத்தேன். எனக்குப் பழக்க தோஷம், சின்னப் பட்டையை எடுத்துக் கட்டினேன். எட்டவில்லை. "மன்னிச்சுக்கோம்மா, என் கை கொஞ்சம் பெருசு" என்றார். உன் கடிதத்தில் இதே வார்த்தையைப் படித்தபோது, உன் புலம்பலில் இதுவும் ஒன்று என்று தாண்டிப் போயிருந்தேன். இன்று நேரில் கேட்டதும் சின்னப் பட்டையை அவிழ்த்து வைத்தேன்.

கொக்கியிலிருந்து பெரியதை எடுத்துவந்து கட்டினேன். "உங்க கை சரியாத்தாம்மா இருக்கு. எங்க பட்டைதான் சின்னது" என்றேன். பெண்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று, "எங்க அக்காவையும் இதே கட்டில்ல இப்படித்தான் பாடாப் படுத்தினோம்" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அந்த அம்மா, "இப்ப உங்க அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். டூட்டி முடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நலமறிய ஆவல்.

தங்கை