விருந்துக்கு மறுநாள்

அண்ணி,

இன்று காலை ஐஸ் பெட்டியைத் திறந்ததும் நேற்றைய ஆட்டிறைச்சிப் பிரட்டலின் வாசம் முகத்தில் அடித்தது. நீங்கள் இல்லாத இரண்டாவது தீபாவளி. அண்ணனுக்குத் துணையாக இருக்கலாம் என்று உங்கள் ரெம்பியா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேற்று டுரியான் துங்காலில் சொந்தக்காரர் வீட்டு விருந்தில் அண்ணன் தட்டை நிரப்பி நிரப்பிச் சாப்பிட்டார். நான் சொல்லியும் காதில் வாங்கவில்லை.

காலையில் அண்ணனுக்குச் சர்க்கரை அளவு பார்த்தோம். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அண்ணன் முகம் இறுகியது. "இன்னிக்குப் பூரா எனக்கு ஒண்ணும் வேணாம். பசியாற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சர்க்கரையைக் குறைக்கும் இனிப்புநீர் மாத்திரையை மட்டும் விழுங்கினார். கோலா சுங்கை பாருவுக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன் என்று கார்ச் சாவியை எடுத்தார்.

எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அதே சாலை. அதே வெறும் வயிறு.

எனக்கும் இனிப்புநீர். நீங்கள் இருந்த ஒரு தீபாவளிக்கு நான் செய்ததும் இதுதானே? பலகாரமும் பிரியாணியுமாகத் தின்று தீர்த்துவிட்டு, மறுநாள் மாத்திரையோடு மட்டும் உங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. ஸ்டியரிங்கில் விரல்கள் நடுங்கின. எதிரே வந்த செம்பனைக் குலை ஏற்றிய லாரி இரண்டாகத் தெரிந்தது. "ஓரமா நிப்பாட்டு! நிப்பாட்டு லா!" என்று அலறினீர்கள். கார் புல்லில் ஏறி நின்றது. சாலையோரக் கடைக்கு ஓடி, இனிப்பான சிவப்புச் சீராப் தண்ணீர் வாங்கி வந்து என் வாயில் வைத்தீர்கள். "பேசாதே, குடி."

என் நடுக்கம் நின்ற பிறகுதான் உங்களுக்கு அழுகை வந்தது. "நேத்துத் தின்னதுக்கு இன்னிக்குப் பட்டினி கிடந்து சாகப் பார்க்கிறியா? நேத்து நேத்தோட போச்சு. அடுத்த வேளைய ஒழுங்கா சாப்பிடு, போதும்." அன்று மத்தியானம் அளவாகச் சோறு, மீன், கங்குங் கீரை. சாயங்காலம் தாமான் குடியிருப்பைச் சுற்றி நடக்க வைத்தீர்கள். அதற்குப் பிறகும் வேளாவேளைக்குச் சாப்பிட்டேனா என்று கேட்காமல் என்னை விடவில்லை.

இன்று நான் வாசலை மறித்து நின்றேன். "சாவியக் கொடுங்கண்ணே. சாப்பிடாம காரை எடுக்கக் கூடாது."

"தள்ளு. நான் செத்தா யாருக்கு என்ன?"

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. "அண்ணி போனப்பவே பாதி வீடு போயிருச்சு. மீதியையும் நீங்க எடுத்துட்டுப் போகாதீங்க" என்றேன்.

அண்ணன் சாவியை மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தோசையும் அவித்த முட்டையும் வைத்தேன். தலைநிமிராமல் மென்றார். வெயில் ஏறுமுன் தாமானை ஒரு சுற்று நடந்தோம்.

படியில் செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "மத்தியானத்துக்கு என்ன ஆக்கப் போறே?"

உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து, அடுத்த வேளையைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"மீன்தான். சேர்ந்தே போய் வாங்கலாம், நான் ஓட்டுறேன்."

அண்ணி, அன்று நீங்கள் திட்டிய திட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இத்தனை நாள் என்னை நடத்தியது. இனி அண்ணனையும் நடத்தட்டும்.