மலைக்குப் போகாத போன்

மே 6, செவ்வாய்

பட்டு, இன்றைக்கு ஆபீசில் ஒரு போனைப் பார்த்தேன்.

ஸ்டோர் ரூமைக் கூட்டும்போது இரும்பு பீரோ திறந்திருந்தது. மேல் தட்டில் ஒரு பெட்டி. உள்ளே செங்கல் மாதிரி ஒரு கறுப்பு போன், கட்டைவிரல் தடிமனுக்கு ஏரியல். கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

"என்னண்ணே இது?" என்று ஸ்டோர்க்காரரைக் கேட்டேன்.

"சாட்டிலைட் போன்மா. டவர் விழுந்தாலும் பேசலாம், நேரா வானத்துல இருந்து புடிக்கும். மலை ஆஸ்பத்திரிக்குன்னு வந்தது."

"எப்ப வந்தது?"

பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நீ அங்கே நர்ஸாக இருந்தவள், என் கூடப் பிறந்தவள் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது போல. பீரோவைப் பூட்டிவிட்டார்.

அஞ்சாவது வரைக்கும் நானும் படித்திருக்கிறேன். தேதி படிக்கத் தெரியும். போன வருஷம் மண் சரிவதற்கு நாலு மாதம் முன்னாலேயே வந்திருக்கிறது.

மே 7

ரெண்டு நாள், பட்டு. காலில் பாறை விழுந்து ரெண்டு நாள் நீ உயிரோடு கிடந்தாய். ரோடு இல்லை, டவர் இல்லை, கீழே ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ரெண்டு நாளும் நான் அதே பீரோவை ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மே 9

ஏன் மேலே அனுப்பவில்லை என்று கேட்டேன். ஸ்டோர்க்காரர் சொன்ன கதையை அப்படியே எழுதுகிறேன்.

"அனுப்பணும்னா ரிஜிஸ்டர்ல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். தொலைஞ்சா அவர் பொறுப்பு. ஆபீசர் போட மாட்டார், நர்ஸ் போடட்டும்பார். நர்ஸ் போடணும்னா கீழ வரணும். கீழ வந்தா ஆஸ்பத்திரியப் பூட்டணும். பூட்டினா ஆபீசர் மெமோ குடுப்பார்."

"நீங்க போடலாமேண்ணே?"

"ரிட்டையராக ரெண்டு வருஷம் இருக்கும்மா எனக்கு."

இதுக்குப் பேரு ஆபீசா? ஒரு கையெழுத்துக்கு ஆளில்லாத ஆபீசை தினமும் நான் எதுக்குடி கூட்டணும்?

மே 20

ஆபத்துக்கால ஒத்திகையாம். பீரோவைத் திறந்தார்கள். போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறும்வரை எல்லாரும் டீ குடித்தார்கள். ஏறினதும் ஆபீசர் தன் ரூமுக்குள், ஃபேனுக்கு அடியில் நின்று "ஹலோ, ஹலோ" என்றார். சொல்லிக்கொடுக்க வந்தவர், "சார், கூரைக்குக் கீழ எடுக்காது, வெட்டவெளிக்கு வாங்க" என்று கெஞ்சினார்.

"வெயிலா இருக்கேப்பா. போட்டோ எடுத்தாச்சில்ல, விடு."

திரும்பப் பீரோவுக்குள். வந்தவர் பாவம், யாரும் கேட்காத பாடத்தை டீ கிளாஸ் எடுக்கப் போன எனக்குச் சொன்னார். ஏரியலை முழுசா இழு. வானம் தெரிகிற இடத்தில் நில். பொறு. பேசிவிட்டு நிறுத்து, பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஜூன் 2

மழை ஆரம்பித்துவிட்டது. மேலே புது நர்ஸ் ஒரு பெண் இருக்கிறாள்.

நேரே ஆபீசர் ரூமுக்குப் போனேன். "சார், நான் கையெழுத்துப் போடறேன். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"நீயா? தொலைஞ்சா என்ன பண்ணுவ?"

"போன் தொலைஞ்சா எழுத ரிஜிஸ்டர் இருக்கு. என் தங்கச்சிய எந்த ரிஜிஸ்டர்ல சார் எழுதினீங்க?"

வாய் தவறி வந்துவிட்டது. தவறியெல்லாம் இல்லை, ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது. ஆபீசர் பைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். ஸ்டோர்க்காரர்தான் ரிஜிஸ்டரைத் தள்ளினார். கோழி கிளறின மாதிரி மூணு இடத்தில் போட்டேன்.

ஜூன் 4

பஸ்ஸில் போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

புது நர்ஸ் உன் ரூமில்தான் இருக்கிறாள். உன் கட்டில். பார்த்ததும் எரிச்சல் வந்தது, அவள் என்ன செய்வாள் பாவம். முற்றத்தில் தூறலில் நின்று சொல்லிக்கொடுத்தேன். ஆபீஸ் போனுக்கு அடித்தோம். அந்தப் பக்கம் ஸ்டோர்க்காரர். நிறுத்து என்றால் நிறுத்துகிற ஆளா? இவள் பேச, அவர் பேச, ஒன்றும் புரியவில்லை.

"அண்ணே, மூச்சு விடுங்கண்ணே!" என்று கத்தினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கிளம்பும்போது சொன்னேன்: "ஒவ்வொரு திங்கக்கிழமையும் காலைல எட்டு மணிக்கு கால் வரணும். பத்திரமா இருக்கட்டும்னு பூட்டி வச்சிருக்கன்னு கேள்விப்பட்டேன்னா, மலையேறி வந்து அடிப்பேன்."

ஜூன் 16, திங்கள்

எட்டு மணி கால் வரவில்லை. பத்தேகாலுக்குக் கூப்பிட்டு "மறந்துட்டேங்கா" என்கிறாள். மறந்துட்டாளாம்!

ஜூன் 23

7:58. சரி.

ஜூலை 11, வெள்ளி

ஆபீசைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ரோடு போயிடுச்சு. ஒரு வீட்டு மேல மண்ணு விழுந்துடுச்சு. மூணு பேரு. ஒரு அம்மாவுக்கு இடுப்பு நசுங்கியிருக்கு, ரத்தம் நிக்கல."

சீட்டில் எழுத எழுத தப்பும் தவறுமாக வந்தது. எழுதினேன். ஆபீசர் வீட்டுக்கு அடித்தால், "எழுத்துல அனுப்பச் சொல்லு" என்கிறார். மண்ணுக்குள்ள கிடக்கிறவ மனு எழுதணுமா? அதற்குள் ஸ்டோர்க்காரர் வந்துவிட்டார். சீட்டை என் கையிலிருந்து பிடுங்கித் தீயணைப்புக்காரர்களுக்குப் போனில் படித்தார், தன் பேரையும் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் ஆட்கள் நடந்தே மேலே போய்விட்டார்கள்.

ஜூலை 13

மூணு பேரும் பிழைத்துவிட்டார்கள். அந்த அம்மா கண் திறந்து தண்ணீர் கேட்டாராம். முன்னேற்பாடெல்லாம் தயாராக இருந்தது என்று ஆபீசர் பேட்டி கொடுத்திருக்கிறார். கொடுத்துத் தொலையட்டும்.

சாயங்காலம் நர்ஸ் பேசினாள். "அக்கா, ஒண்ணு சொன்னா திட்டுவீங்களா? அன்னைக்கு உங்களுக்குச் சொன்னப்புறம் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்தது. எங்க அம்மாவக் கூப்பிட்டு ஒரு நிமிஷம் பேசிட்டேன்."

திட்டவில்லை.

பட்டு, உன் கையில் அது இருந்திருந்தால், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொன்னபிறகு என்னைக் கூப்பிட்டிருப்பாய்தானே? என்னடி சொல்லியிருப்பாய்?