இரண்டரை கிலோ

மார்ச் 4, செவ்வாய்

98.2. ஆஸ்பத்திரித் தராசு. செருப்பைக் கழற்றி, பர்ஸை வெளியே வைத்து, உள்ளே இருந்த மூச்சையும் விட்டுவிட்டுத்தான் ஏறினேன். முள் மசியவில்லை.

ரத்தம் பொருந்துகிறது. மற்ற சோதனைகள் எல்லாம் பொருந்துகின்றன. என் இரண்டு சிறுநீரகமும் ஜம்மென்று இருக்கின்றனவாம். அக்காவுக்கு ஒன்றைக் கொடுக்க விடாமல் நடுவில் நிற்பது என் தொப்பைதான். சர்ஜன் எழுதிக்கொண்டே சொன்னார்: "எண்பத்தாறுக்கு வாங்க. இந்த எடையோட உங்களை மேசையில ஏத்த மாட்டேன். ஜூன் பத்தாம் தேதி பாக்கலாம். எறங்கியிருந்தா அந்த வாரமே ஆபரேஷன்."

அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருஷமாக உப்பில்லாச் சாப்பாடு, தம்ளரால் அளந்த தண்ணீர். அத்தானின் ரத்த வகை சேராது. வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு கிலோ, பதினான்கு வாரம். முடியாதா என்ன?

மார்ச் 5, புதன்

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதித் தரும் அம்மாவைப் பார்த்தோம். என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "வாரத்துல ஒரே ஒரு வேளை உங்களுக்குப் பிடிச்சதைச் சாப்பிடுங்க. ரொம்ப இறுக்கிக் கட்டினா ஒரேயடியா அவுத்துக்கும். சீட் டேன்னு சொல்லுவாங்க. ஆனா நாள் முழுக்க இல்ல சார், ஒரு வேளைதான்." 'ஒரு வேளை' என்பதன் அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள், "உங்க அக்காவுக்கு அப்படி ஒரு நாள் குடுத்திருக்காங்களா?"

எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி.

மார்ச் 9, ஞாயிறு

நாலு நாள் வெள்ளரிக்காயும் வேகவைத்த முட்டையும். இன்று மதியம் வறுத்த கோழி, நாலு துண்டு. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கையைக் கழுவுவதற்குள் அக்கா போன்.

"சாப்டியா? என்ன சாப்ட்ட?"

தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இப்படி ஒரே வார்த்தையில சொன்னா எப்படிடா? முழுசா சொல்லு." சொன்னேன். மேல்தோல் முறுக்கென்று உடைந்தது, உள்ளே ஆவி பறந்தது, மிளகு கடைசியில்தான் காரம் காட்டியது என்று எல்லாம். எல்லாம் கேட்டுவிட்டு, "உப்பு இருந்துச்சா?"

இருந்தது என்றேன். "ம்ம்" என்றாள். சாப்பிட்டவள் மாதிரி அப்படியொரு திருப்தி அந்த 'ம்ம்'மில்.

மார்ச் 11, செவ்வாய்

96.9.

மார்ச் 16, ஞாயிறு

அக்கா காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டாள்: "இன்னிக்கு ஐஸ்கிரீம் சாப்பிடு." ஒரு கப் முடித்துவிட்டு விவரம் சொன்னேன். "எனக்காக இன்னொன்னு" என்றாள். அவளுக்காக இன்னொன்று.

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 26, புதன்

வேலையில் ஒரு சின்னச் சண்டை. எடைமேடையில் ஜல்லி லாரி ஒன்று ஏறியது. டிரைவர் முன்சக்கரத்தை மேடை விளிம்புக்கு வெளியே நாலு விரல் தள்ளி நிறுத்திவிட்டு, அப்பாவி மாதிரி பீடி பற்றவைத்தார். பதினேழு வருஷம் இந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன். சக்கரம் தரையைத் தொட்டால் பாதி எடை தரைக்குப் போய்விடும் என்று எனக்குத் தெரியாதா? பின்னால் எடுக்கச் சொன்னேன்.

"விடுங்க சார், ஒரு தடவைதானே."

"ஒரு தடவைன்னுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். பக்கத்து மேஜையில் எடைச்சீட்டு அடிக்கும் பட்டாணி கை தட்டினான். ஆள் குட்டையாக உருண்டையாக இருப்பதால் அந்தப் பேர். அவனுக்கு டயட்டும் கிடையாது, கவலையும் கிடையாது.

இந்த மேடையில் நான் ஏறினால் சரியாக ஒன்றும் காட்டாது. இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும். நானும் பட்டாணியும் சேர்ந்து நின்றோம். 180 என்றது. இருவரில் யார் பங்கு அதிகம் என்று பிற்பகல் முழுக்க வாக்குவாதம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

93.1! அக்காவிடம் சொன்னேன். "என் தம்பி ஒல்லியா இருந்தா யாரு மாதிரி இருப்பான்னே எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள். அத்தான் போனை வாங்கி, "மாப்பிள்ளை, இப்படியே போங்க" என்றார். மனுஷன் இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 19, சனி

நாளை ஞாயிறு. அதற்கு இன்று சாயங்காலமே பிள்ளையார் சுழி போட்டாயிற்று. பேக்கரி வழியாக வந்தேன். வெண்ணெய் பன் இரண்டு. வழியில் பேக்கரி இருந்தது என்று எழுதத்தான் கை வருகிறது. உண்மையில் நான்தான் வழியை மாற்றினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் முட்டை தடவிய ரொட்டி, மதியம் கோழி, சாயங்காலம் கேக். வயிறு முட்ட. அக்கா கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன். டயாலிசிஸ் முடிந்த களைப்பில் இருந்தாள். "சொல்லுடா, கேக்குறேன்" என்றாள். சொன்னேன். நடுவில் தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

92.8. மூன்று வாரத்தில் முந்நூறு கிராம்.

மே 6, செவ்வாய்

92.4.

மே 11, ஞாயிறு

மனைவியோடு சண்டை. எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும்.

மதியம் மூன்றாவது தட்டு எடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தம்மா ஒரு வேளைன்னு சொன்னாங்க. நீங்க அதை ஒண்ணரை நாளா இழுத்து வெச்சிருக்கீங்க. ஆறு நாள் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எறக்குறதை ஏழாம் நாள் ஏத்திக்கிட்டா எங்க போய் முடியும்?"

எரிந்து விழுந்தேன். "எனக்காகவா சாப்பிடுறேன்? அவ கேக்குறா! பாவம், அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு சந்தோஷம்தான். அதையும் புடுங்கச் சொல்றியா?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "சாப்பிடாமலே சொல்லுங்களேன். எல்லா ருசியும் உங்களுக்கு மனப்பாடமா இருக்கே" என்றாள்.

அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்றேன். சின்ன வயதிலிருந்தே என் பொய் ஒன்றுகூட அவளிடம் நின்றதில்லை. இது நியாயமான பதில்தானே?

சொல்லி முடித்ததும் அந்த மூன்றாவது தட்டையும் சாப்பிட்டேன்.

மே 27, செவ்வாய்

90.2. மீதி பதினைந்து நாளில் இன்னும் நாலு கிலோ இறக்கணும். பட்டினி கிடந்தாவது முடித்துவிடுவேன்.

ஜூன் 1, ஞாயிறு

இன்று வேண்டாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. பட்டாணி தன் பெண் பரீட்சையில் பாஸ் என்று கேக் அனுப்பியிருந்தான். ஒரு துண்டு என்று தொடங்கினேன். பெட்டி காலி.

அக்காவிடம் பாதிக் கேக் என்று சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

நேற்றும் சாப்பிட்டேன். என்னத்தை எழுத. இன்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாளைக்கு அந்த மெல்லிய சட்டை. பெல்ட் வேண்டாம். வாட்ச்சும் வேண்டாம். நாலு விரல் தள்ளி நிறுத்திய அந்த லாரிக்காரர் ஞாபகம் வந்தது. அவர் என்னைவிட யோக்கியர்.

ஜூன் 10, செவ்வாய்

88.5.

நர்ஸ் இன்னொரு தடவை ஏறச் சொன்னாள். ஏறினேன். 88.5.

"இரண்டரை கிலோதானே டாக்டர்" என்று என் வாய் கேட்டது. விடுங்க சார் ஒரு தடவைதானே, அதே குரல், அதே இழுவை. என் எடைமேடைக்கு இரண்டரை கிலோ கண்ணிலேயே படாது.

சர்ஜன் திட்டவில்லை. எவ்வளவோ இறக்கியிருக்கிறீர்கள், ஆனால் எல்லை எல்லைதான் என்றார். இந்த வாரத்துக்கு எடுத்து வைத்திருந்த நாள் வேறொருவருக்குப் போகும். அடுத்த நாள் ஆகஸ்ட் முதல் வாரத்தில்.

அத்தான் வராந்தாவில் ஒரு பையோடு நின்றிருந்தார். அக்காவின் மாற்றுத்துணி. இந்த வாரமே சேர்த்துவிடுவார்கள் என்று எடுத்து வந்துவிட்டார். நான் சொன்னதும், "பரவால்ல மாப்பிள்ளை" என்றார். பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்கா போனில் சிரித்தாள். "ரெண்டு மாசந்தானேடா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ஜூன் 15, ஞாயிறு

காலை இரண்டு முட்டை, மதியம் காய், மோர். அவ்வளவுதான்.

நாலு மணிக்கு அக்கா. "இன்னிக்கு என்ன?" சாக்லேட் கேக் என்றேன். உள்ளே ஈரமாக இருந்தது, மேலே பூச்சு கனமாக இருந்தது, பல்லில் ஒட்டியது என்றேன். கையில் வெள்ளரிக்காய். அவள் கண்டுபிடிக்கவே இல்லை!

மே மாதமே மனைவி சொன்னாள். இவ்வளவு சுலபம் இது. இவ்வளவு சுலபம்.

ஜூன் 29, ஞாயிறு

வறுத்த மீன். பொய். எண்ணெய் தெறித்த சத்தம்வரை சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

86.9. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட எதுக்கு?" என்றாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 24, வியாழன்

அக்காவுக்குப் படுத்தால் மூச்சு வாங்குகிறது. கால் வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடம்பில் நீர் கூடிவிட்டது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அத்தான்.

சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

85.1.

சட்டை, பெல்ட், வாட்ச், செருப்பு எல்லாம் போட்டுக்கொண்டே ஏறியிருக்கலாம். சீட்டை சர்ஜனிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமலே மேஜைமேல் வைத்தார். உட்காருங்கள் என்றார்.

அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டதாம். இரண்டு வருஷம் அந்த மெஷினோடு போராடிய களைப்பு. மயக்க மருந்தையே தாங்காது. ஆபரேஷன் இனி இல்லை.

"ஜூன்ல பண்ணியிருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்பவும் எப்படிப் போயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கைப் போட்டுப் பாக்காதீங்க."

ஐயோ, வேற எந்தக் கணக்கை நான் போடுறது? எடை பாக்குறதுதானே என் பொழப்பு.

ஆகஸ்ட் 6, புதன்

வேலைக்குப் போகவில்லை. இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். மார்ச் 9 முதல் ஜூன் 8 வரை பதினான்கு ஞாயிறு. அக்கா கூப்பிட்டுக் கேட்டது ஆறு. மற்ற எட்டும் நானாகப் போன் போட்டது. களைத்துப் படுத்திருந்தவளை எழுப்பி உட்காரவைத்து நான் தின்றதைச் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டாள் என்று ஆகிவிட்டால் நான் தின்றது தியாகம் ஆகிவிடும், அதற்காக.

ஒரு வேளையோடு நிறுத்தியிருந்தால் போதும். அவள் கேட்ட ஆறு ஞாயிறு, ஆறு வேளை. பட்டியல் எழுதிய அந்த அம்மா சரியாகத்தான் சொன்னார். சிவப்புக் கோடு இன்னும் பட்டியலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னலோரம் கட்டில். தலைக்கு மூன்று தலையணை. அத்தான் மருந்து வாங்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எட்டு ஞாயிறு, பேக்கரி, பாதிக் கேக் இல்லை முழுக் கேக், எல்லாம். சொல்லும்போது அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். முடியவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "ஜூன்ல அந்தச் சாக்லேட் கேக்கை நீ சாப்பிடலதானே?"

தூக்கிவாரிப் போட்டது.

"நிஜமா சாப்ட்டா நீ பேசும்போதே நாக்கைச் சப்புக் கொட்டுவ. அன்னிக்குச் சப்பே இல்ல. இவன் கட்டுப்பாடா இருக்கான்னு அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் கேக்காம இருந்திருக்கணும்டா. உன் நாக்கு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சேதான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு இருக்கும்."

நீ ஆறு தடவைதான் கேட்டாய் என்றேன். "அதையும் எண்ணி வெச்சிருக்கியா" என்று சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது.

அவள் மன்னித்துவிட்டாள். எனக்கு அது போதவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

82.6. யாருக்காக என்று பட்டாணி கேட்டான். சும்மா கேட்டான், குத்தலாக இல்லை. தெரியவில்லை என்றேன். சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் அத்தான் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, டாக்டர் வந்துட்டுப் போனாரு. இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாமாம். அவ என்ன கேட்டாலும் குடுக்கச் சொல்லிட்டாரு." எனக்கும் புரிந்துவிட்டது.

என்ன கேட்டாள் என்றேன். உருளைக்கிழங்கு வறுவலாம்.

மனைவி வறுத்துக் கொடுத்தாள். உப்பை அவளே தூவினாள். சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அத்தான் அக்காவைத் தூக்கி உட்காரவைத்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தட்டை மடியில் வைத்ததும், முதல் துண்டை என் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கடா. ஞாயித்துக்கிழமைதானே."

வேண்டாம் என்றேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் கடித்தாள். மெதுவாக மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டரை வருஷம்.

"உப்பு இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குடா."

"ஒரே வார்த்தையில சொன்னா எப்படிக்கா? முழுசா சொல்லு."

சொன்னாள். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி, மூன்று துண்டுக்கும் சொன்னாள். நாலாவதை எடுக்கவில்லை.